வாயில்லாப் பூச்சி எப்படி ஷிப்ட் இன்சார்ஜ் ஆகும்?

அம்மா, வணக்கம். உங்கள் கடிதத்தில் மூன்று கேள்விகள் இருந்தாலும் உள்ளே இருக்கிற பயம் ஒன்றுதான். பி.இ. மெக்கானிக்கல் முடித்து ஓசூரில் உதிரிபாகக் கம்பெனியில் இரண்டு வருடம் ஓட்டிய மகளை இப்போது மெஷின் ஷாப்பில் ஷிப்ட் இன்சார்ஜாகப் போட்டிருக்கிறார்கள், கீழே பதினெட்டு ஆபரேட்டர்கள், அதில் பாதிப் பேருக்கு அவளைவிட இரண்டு மடங்கு வயது. "விருந்தாளி வந்தாலே உள்ளே ஓடிப்போகிற வாயில்லாப் பூச்சி, இவ எப்படி ஆளுங்களை வேலை வாங்குவா" என்று எழுதியிருக்கிறீர்கள். வேலையை மாற்றச் சொல்லவா, எம்.பி.ஏ. சேர்க்கவா, ஆளுமை வளர்ச்சி வகுப்புக்கு அனுப்பவா என்று கேட்கிறீர்கள்.

மூன்றுமே இப்போதைக்கு வேண்டாம்.

தலைமை என்றதும் நமக்கு முதலில் ஞாபகம் வருவது குரல்தான். மேடையில் பேசுகிறவன், நாலு பேரை அதட்டுகிறவன், வாத்தியார் இல்லாத நேரத்தில் போர்டில் "பேசியவர்கள்" என்று பெயர் எழுதிய கிளாஸ் லீடர். அந்தப் போர்டை வைத்தேதான் பல பேர் வேலைக்குப் போன பிறகும் மேனேஜர் வேலை பார்க்கிறார்கள், யார் தப்புச் செய்தான் என்று பெயர் எழுதுவதோடு கடமை முடிந்தது என்று. உங்கள் மகளுக்கு அந்தப் பழக்கம் இல்லை என்றால் அது குறையே இல்லை.

ஷாப் ஃப்ளோரில் நடக்கிற ஒன்றைச் சொல்கிறேன், உங்கள் மகளிடம் கேட்டால் ஆமாம் என்பாள். இரண்டாவது ஷிப்ட். கம்ப்யூட்டர் கட்டளைப்படி உலோகத்தைக் கடைகிற சி.என்.சி. லேத்தில் ஆபரேட்டர் தேய்ந்த இன்சர்ட்டை (வெட்டும் முனையை) மாற்றுகிறார், புது முனைக்கேற்ப மெஷினுக்குக் கொடுக்கிற திருத்த அளவை, அதாவது ஆஃப்செட்டை, போடும்போது ஒரு எண் தவறிவிடுகிறது. முதல் பீஸை அளந்து பார்த்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும், ஆனால் மணிக்கணக்கு டார்கெட் போர்டில் ஏற்கனவே பின்தங்கியிருக்கிறார், அப்படியே ஓட்டிவிட்டார். நாற்பது பீஸ் தாண்டி மைக்ரோமீட்டர் வைத்தால் விட்டம் குறைவு. கூடுதலாக இருந்தால் மறுபடி கடைந்து தேற்றலாம், குறைந்தால் ஸ்கிராப்தான். இப்போது அவருக்கு முன்னால் இரண்டு வழி. நாற்பதையும் சிவப்புப் பெட்டியில் போட்டுவிட்டு இன்சார்ஜிடம் போய்ச் சொல்லலாம். இல்லையென்றால் நல்ல பீஸ்கள் இருக்கிற ட்ரேக்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கலந்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

கலந்துவிட்டால் என்ன ஆகும்? நாலு நாள் கழித்து வாடிக்கையாளர் கம்பெனியின் அசெம்பிளியில் ஒரு பீஸ் லொடலொடவென்று ஆடும். மொத்த லாட்டையும் நிறுத்தி வைப்பார்கள், இங்கிருந்து நம் செலவில் ஆள் அனுப்பி ஆயிரக்கணக்கான பீஸை ஒவ்வொன்றாக அளந்து பிரிக்க வேண்டும், அப்புறம் காரணம் கேட்டு அறிக்கை, மேலிடத்து மீட்டிங், எல்லோருக்கும் தலைவலி. நாற்பது பீஸோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம்.

அந்த ஆபரேட்டர் எந்த வழியில் போவார் என்பதை முடிவு செய்வது அவருடைய நேர்மை மட்டும் இல்லை. போன தடவை ஒருத்தர் உண்மையைச் சொன்னபோது இன்சார்ஜ் எப்படி நடந்துகொண்டார் என்பதைத்தான் அவர் யோசிப்பார். எல்லோர் முன்னாலும் கத்தினாரா, "சரி, மெஷினை நிறுத்துங்க, எந்த பீஸிலிருந்து போச்சுன்னு பார்க்கலாம்" என்றாரா. என்னைக் கேட்டால் வேலையிடத்தில் நல்ல தலைவர் யார் என்பதற்கு இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது: கெட்ட செய்தி அவரிடம் எவ்வளவு சீக்கிரம் வந்து சேர்கிறது.

இது என் சொந்தச் சரக்கு இல்லை. 1990களில் எமி எட்மண்ட்சன் என்கிற ஆராய்ச்சியாளர் அமெரிக்க மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளைப் பற்றி ஆராய்ந்தார். நல்ல ஒற்றுமையும் நல்ல தலைமையும் உள்ள நர்ஸ் குழுக்களில் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு தலைகீழாக வந்தது, நல்ல குழுக்களில்தான் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. தோண்டிப் பார்த்ததில், அவர்கள் அதிகம் தவறு செய்யவில்லை, நடந்ததை வெளியில் சொன்னார்கள். மற்ற குழுக்களில் தலைமை நர்ஸுக்குப் பயந்து மூடி மறைத்திருக்கிறார்கள். பதிவேட்டில் தவறே இல்லாத ஷிப்டைப் பார்த்தால் நான் சந்தேகப்படுவது இதனால்தான்.

டொயோட்டா தொழிற்சாலைகளில் இதை ஒரு கயிற்றிலேயே கட்டி வைத்திருக்கிறார்கள். அசெம்பிளி லைனில் எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம் (இப்போது பல இடங்களில் பட்டன்). இழுத்தால் விளக்கு எரியும், டீம் லீடர் ஓடிவருவார், குறிப்பிட்ட தூரத்துக்குள் இரண்டு பேரும் சரிசெய்துவிட்டால் லைன் ஓடிக்கொண்டே இருக்கும், முடியாவிட்டால் நின்றுவிடும். கூப்பிட்டால் வந்து நிற்பதுதான் அங்கே லீடரின் முதல் வேலை. அதோடு ஒரு லீடருக்குக் கீழே பெரும்பாலும் ஐந்தாறு பேர்தான். உங்கள் மகளுக்குப் பதினெட்டு என்பது அதிகம். மெஷினை வேலைக்குத் தயார்செய்து கொடுக்கிற அனுபவமுள்ள செட்டர் ஒருவரைத் தன் ஷிப்டில் நிரந்தரமாகப் போடச் சொல்லி அவள் தைரியமாகக் கேட்கலாம், கேட்பது பலவீனம் ஆகாது.

கலாம் சொன்ன அந்த ராக்கெட் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஆனால் பாதிதான் நம் ஊரில் சொல்கிறார்கள். 1979 ஆகஸ்ட் 10, எஸ்.எல்.வி.-3. ஏவுவதற்குச் சற்று முன் கம்ப்யூட்டர் நிறுத்தி வைத்தது, நிபுணர்கள் பரவாயில்லை என்றார்கள், பொறுப்பில் இருந்த கலாம் கம்ப்யூட்டரைத் தள்ளிவிட்டு ஏவ முடிவெடுத்தார், ராக்கெட் வங்காள விரிகுடாவில் விழுந்தது. பத்திரிகைக்காரர்களைச் சந்தித்து பழியை ஏற்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18-ல் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் வைத்தபோது பேட்டி கொடுக்கக் கலாமை அனுப்பினார். பெருந்தன்மை என்று கண் கலங்குவதோடு விட்டுவிடுகிறோம். நான் பார்ப்பது இடையில் இருக்கிற பதினோரு மாதத்தை. எங்கே கோட்டைவிட்டோம் என்று அந்தக் குழு பயமில்லாமல் பேசியிருக்காவிட்டால் அவ்வளவு சீக்கிரம் மறுபடி ஏவியிருக்க முடியுமா?

சரி, மகள் என்ன செய்ய வேண்டும். ஷிப்ட் மாறும் நேரத்தில் பத்து நிமிஷம் முன்னாலேயே போய், முந்தின ஷிப்ட் ஆட்களிடம் மெஷின் பக்கத்திலேயே நின்று கேட்கச் சொல்லுங்கள், லாக் புக்கில் எழுதாத விஷயங்கள் அங்கேதான் கிடைக்கும். கான்ட்ராக்ட் ஆட்களிடம் கூடுதல் கவனம் வேண்டும். நாளைக்கு வராதே என்று ஒரு வார்த்தையில் அனுப்பிவிடலாம் என்கிற பயத்தில் இருப்பவர்கள் அவர்கள், தவறை மறைக்க அவர்களுக்குத்தான் காரணம் அதிகம். ஓ.டி. யாருக்கு, தீபாவளி லீவு யாருக்கு, கஷ்டமான மெஷின் யாருக்கு என்பதில் ஒரு முறை வைத்துக்கொண்டு அதை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி எழுதி ஒட்டிவிட வேண்டும். ஷாப் ஃப்ளோர் சண்டைகளில் பெரும்பாலானவை இந்த மூன்றில்தான் ஆரம்பிக்கின்றன, பேச்சுத் திறமையால் தீர்கிற சண்டைகள் இல்லை அவை.

பெரியவர்கள் விஷயம்தான் உங்களை உறுத்துகிறது, இல்லையா? நாற்பத்தைந்து வயது ஆபரேட்டரை "அண்ணா" என்று கூப்பிடுவதில் ஒரு கெடுதலும் இல்லை, கூப்பிடட்டும். மெஷினின் சத்தத்தை வைத்தே டூல் போகப் போகிறது என்று சொல்லிவிடுகிறவர் அவர், அதை அவரிடம் கேட்டுக் கற்றுக்கொண்டால் அவரே பாதித் துணை. ஆனால் அண்ணா முதல் பீஸை அளக்காமல் ஓட்டினால், "அண்ணா, அளந்துட்டு ஓட்டுங்க" என்று அங்கேயே சொல்ல வேண்டும், மறுநாளும் ஓட்டினால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும், மூன்றாவது தடவை எழுத்தில். இங்கேதான் உங்கள் மகள் திணறுவாள் என்று நினைக்கிறேன். மென்மையான பிள்ளைகள் சொல்ல வேண்டியதைத் தள்ளிப்போட்டு, பொறுத்துப் பொறுத்து, ஒருநாள் வெடித்துவிடுவார்கள், அல்லது அந்த வேலையைத் தானே செய்துவிடுவார்கள். உண்மையைச் சொன்னவரைத் திட்டாமல் இருப்பது வேறு, விதியை மீறுகிறவரைக் கண்டுகொள்ளாமல் விடுவது வேறு. இரண்டாவது நடந்தால் ஒழுங்காக அளக்கிற ஆபரேட்டர்தான் முதலில் மனம் விட்டுப்போவார்.

அப்புறம், மேலே பேசுவது. மெஷின் பிரேக்டவுனில் இரண்டு மணி நேரம் போன நாளிலும் முழு டார்கெட்டைக் கேட்கிற மேனேஜர்கள் உண்டு. அவரிடம் ஷிப்ட் முடிந்து அழுதுகொண்டே சொல்வதைவிட, நின்ற நிமிஷமே எண்ணோடு சொல்வது நல்லது: இந்த மெஷின், இத்தனை மணிக்கு நின்றது, இன்று இத்தனை பீஸ் குறையும். தனக்குக் கீழே இருப்பவர்களிடம் எதிர்பார்க்கிற அதே விஷயம்தான் இது.

கூகுள் ஒரு சமயம் தன் மேனேஜர்களில் யார் நல்லவர் என்று ஆராய்ந்து எட்டு குணங்களைப் பட்டியல் போட்டது, ஆட்களுக்குக் கற்றுக்கொடுப்பது முதலிடம், தொழில்நுட்ப அறிவு கடைசி. ஆளுமை வகுப்பு நடத்துகிறவர்கள் இதைக் காட்டி உங்களிடம் பணம் கேட்பார்கள். கடைசி என்றாலும் பட்டியலில் இருக்கிறது என்பதை அவர்கள் சொல்ல மாட்டார்கள், மெஷின் ஷாப்பில் ஆஃப்செட் தெரியாத இன்சார்ஜை யாரும் மதிப்பதில்லை. அந்தப் பணத்தில் வரைபடத்தில் உள்ள அளவு, வடிவக் குறியீடுகளைப் படிக்கக் கற்றுத்தருகிற ஜி.டி.&டி. வகுப்புக்கோ, அளவுக் கருவிகள் பயிற்சிக்கோ போகட்டும்.

எம்.பி.ஏ. பற்றி: இப்போது வேலையை விட்டுவிட்டு டான்செட் நுழைவுத் தேர்வு எழுதிச் சேர்ந்தால், கல்லூரியில் இருந்து நேராக வந்தவர்களோடுதான் பெரும்பாலும் உட்காருவாள். ஐ.ஐ.எம்.களில் உள்ள ஓராண்டுப் படிப்புகள் சில வருட வேலை அனுபவம் உள்ளவர்களுக்கென்றே இருப்பவை, பதினெட்டு பேர் ஷிப்டை நடத்தியவள் என்று அங்கே சொல்வதற்கு மதிப்பு உண்டு. அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் பங்குக்கு, ஷிப்ட் நேரத்தில் போன் செய்யாதீர்கள், "இன்னைக்கு யாராவது திட்டினாங்களா" என்று விசாரிக்காதீர்கள். ஆறு மாதம் போகட்டும். அதற்குப் பிறகும் தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல், ஞாயிற்றுக்கிழமை மாலையானாலே முகம் வாடினால், ஆட்களை மேய்க்கிற வேலை அவளுக்கு ஒத்துவரவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம், அதிலும் அவமானம் இல்லை. குவாலிட்டி, டூல் டிசைன், பிராசஸ் இன்ஜினியரிங் என்று ஆட்களை நேரடியாகப் பார்க்காத பிரிவுகள் அதே கம்பெனியிலேயே இருக்கும், அங்கே மாற்றிக் கேட்கலாம். கேட்பதற்கு முன்னால் ராஜினாமா கடிதம் மட்டும் கொடுத்துவிட வேண்டாம், அடுத்த இடம் கையில் ஆஃபர் லெட்டராக வந்த பிறகுதான் நோட்டீஸ் பீரியட் பற்றிப் பேச்சே.