கொத்தனார் படிக்கும் வரைபடம்: சிறிய கட்டடக்கலை அலுவலகம் பற்றிய கேள்வி பதில்

வணக்கம். திருச்சியில் என்னோடு சேர்த்து ஆறு பேர் கொண்ட கட்டடக்கலை அலுவலகத்தை 22 ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். பெரும்பாலும் வீடுகள், இடையிடையே ஒரு பள்ளிக்கூடமோ மருத்துவமனையோ வரும். நம் குழு உறுப்பினர்கள் அனுப்பியிருந்த கேள்விகளுக்கு என் அனுபவத்திலிருந்து பதில் எழுதுகிறேன்.

கேள்வி: பி.ஆர்க். (கட்டடக்கலை இளநிலைப் பட்டம்) நான்காம் ஆண்டு படிக்கிறேன். பயிற்சிக்குச் சென்னையிலுள்ள பெரிய நிறுவனத்துக்குப் போவதா, ஊரிலுள்ள சிறிய அலுவலகத்துக்குப் போவதா என்று குழப்பமாக இருக்கிறது ஐயா.

ஒரு கட்டடத்தைக் கடைக்காலிலிருந்து கைப்பிடிச்சுவர் வரை பார்க்க விரும்பினால் சிறிய அலுவலகத்துக்கே போங்கள் அம்மா. பெரிய நிறுவனத்திலும் கற்க நிறைய உண்டு; ஆனால், நீங்கள் போட்ட கோடு செங்கல்லாக எழும்பும்போது பக்கத்தில் நிற்கும் வாய்ப்பு அங்கே அரிது.

எங்களிடம் பயிற்சிக்கு வந்த ஒரு மாணவி மாடிப்படி வரைந்தாள். பத்தடி உயரத்துக்கு ஆறு அங்குலமாக இருபது படிகள். கணக்கு சரியாகத்தான் இருந்தது. கான்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங் பலகை அடிப்பதற்கு முன் எங்கள் மேஸ்திரி அடுப்புக்கரித் துண்டை எடுத்துச் சுவரில் ஒவ்வொரு படியாக வரைந்து பார்த்துவிட்டு, "பாப்பா, கீழே தரை போட்டால் முதல் படி குள்ளமாகும், மேலே தரை போட்டால் கடைசிப் படி எட்டாது" என்றார். தரைக்குக் கலவையும் கல்லும் சேர்ந்து இரண்டு அங்குலம் ஏறும், படியின்மேல் ஒட்டும் கிரானைட்டோ முக்கால் அங்குலம்தான் என்பதால், முதல் படி நாலே முக்கால் அங்குலமாகவும் கடைசிப் படி ஏழேகால் அங்குலமாகவும் முடிந்திருக்கும். இருட்டில் இறங்கும் பாட்டி ஒருவர் தடுக்கி விழ அந்த வேறுபாடு போதும். அன்று மாலையே அவள் வரைபடத்தைத் திருத்தினாள். அதிலிருந்து எங்கள் படிக்கட்டு வரைபடங்கள் எல்லாவற்றிலும் கான்கிரீட் மட்டத்துக்கு ஒரு கோடும் தரை முடிந்த மட்டத்துக்கு இன்னொரு கோடும் இருக்கும்.

கேள்வி: மேஸ்திரியே பிளான் போட்டுத் தருகிறார். பிறகு எதற்குத் தனியாக ஆர்க்கிடெக்டுக்குக் கட்டணம்?

மேஸ்திரியின் அனுபவத்தை நான் ஒருபோதும் குறைத்துச் சொல்லமாட்டேன். மேலே எழுதியதே அதற்குச் சான்று. ஆனால், சதுர அடிக் கணக்கில் ஒப்பந்தம் பேசிய ஒருவர் "இந்த அறை உங்களுக்கு வேண்டியதில்லை" என்று சொல்வது கடினம். அதைச் சொல்வதும், மேற்கு வெயில் எந்தச் சுவரில் அடிக்கிறது, முதியவரின் கட்டிலிலிருந்து கழிப்பறைக்கு எத்தனை தப்படி என்று வரைவதற்கு முன்பே யோசிப்பதும் எங்கள் வேலை. கட்டணத்தைக் கட்டுமானச் செலவில் விழுக்காடாக வாங்கினால் செலவு கூடக்கூட எங்கள் வருமானமும் கூடும் என்பதால், சிறிய வீடுகளுக்கு நாங்கள் மொத்தத் தொகையாகவே பேசி, வேலை நகரும் கட்டங்களுக்கு ஏற்பத் தவணையாகப் பெறுகிறோம். நீங்களும் யாரிடம் போனாலும் அப்படிக் கேளுங்கள்.

கேள்வி: கட்டடப் பொறியாளர் தம்மை ஆர்க்கிடெக்ட் என்று அழைத்துக்கொள்ளலாமா?

கூடாது. 1972ஆம் ஆண்டின் கட்டடக்கலைஞர் சட்டப்படி, கட்டடக்கலைக் கவுன்சிலில் பதிவு செய்தவர்களுக்கே அந்தப் பட்டப்பெயர் உரியது. அச்சட்டம் தடுப்பது பெயரைத்தானே தவிர வடிவமைக்கும் பணியை அல்ல என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

கேள்வி: எலிப்பொறிக் கட்டுமுறையில் சுவர் எழுப்ப ஆசை. உள்ளூர்க் கொத்தனார்கள் தயங்குகிறார்கள்.

அவர்கள் தயங்குவதில் நியாயம் உண்டு. பிர்மிங்காமில் பிறந்து திருவனந்தபுரத்தில் வாழ்ந்து மறைந்த லாரி பேக்கர் (1917–2007) கேரளத்தில் பரவலாக்கிய முறை இது. செங்கல்லைப் படுக்க வைக்காமல் குத்துக்கல்லாக நிறுத்தி, ஒன்பது அங்குலச் சுவரின் நடுவில் மூன்று அங்குல வெற்றிடம் விடுவதால் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சமாகும். அடைபட்ட காற்று வெயிலையும் தடுக்கும். ஆனால், கல் ஒரே அளவாகவும் விளிம்பு மழுங்காமலும் இருக்க வேண்டும். மின்குழாய்த் தடத்தை முன்பே முடிவு செய்யாவிட்டால், பின்னால் சுவரை வெட்டும்போது வெற்றிடம் உடையும். வேலையைத் தொடங்குமுன் நான்கடிக்கு நான்கடியில் ஒரு மாதிரிச் சுவரைக் கட்டச் சொல்லுங்கள். அதற்கு அன்றைய முழுக் கூலியையும் கொடுத்துவிடுங்கள். கலவை உள்ளே விழாமல் வெற்றிடத்தின்மேல் ஒரு மரச்சட்டத்தை வைத்துக்கொள்ளும் உத்தியை எங்கள் கொத்தனார்கள் அப்படிப்பட்ட மாதிரிச் சுவரில்தான் பழகிக்கொண்டார்கள்.

கேள்வி: புதிதாகப் பணியில் சேர்ந்த பெண் நான். தளத்தில் நான் சொல்வதை யாரும் கேட்பதில்லை.

இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. சரிசெய்ய வேண்டியவர் உங்கள் அலுவலகத் தலைவர். உங்கள் முன்னிலையில் மேஸ்திரி தலைவரிடம் கேள்வி கேட்டால், "அம்மாவிடம் கேளுங்கள், இது அவர் வரைந்தது" என்று அவர் சொல்ல வேண்டும். நான் அப்படித்தான் சொல்கிறேன். ரசமட்டத்தையும் தூக்குக்குண்டையும் நீங்களே கையில் எடுத்துச் சரிபார்க்கப் பழகுங்கள். கொத்தனாரோடு பணிபுரியும் சித்தாள் பெண்களுக்கு ஒதுங்க இடமும் குடிநீரும் இருக்கிறதா என்று முதல் நாளே கேளுங்கள். அதைக் கேட்பவரின் சொல்லுக்குத் தளத்தில் மதிப்பு தானாக வரும்.

கேள்வி: ஆறு பேர் அலுவலகத்தில் ஒன்றாகச் செய்யும் வழக்கங்கள் ஏதேனும் உண்டா?

சனிக்கிழமை மாலைகளில் அந்த வாரம் முடித்த வரைபடங்களை மேசையில் விரித்து, வரையாத ஒருவர் அதை உரக்கப் படிப்பார். அவர் தடுமாறும் இடத்தில் கொத்தனாரும் தடுமாறுவார் என்று குறித்துக்கொள்வோம். முடிந்தபோதெல்லாம் மேஸ்திரிகளையும் அழைப்போம். ஆயுத பூஜையன்று கணினிகளுக்குப் பக்கத்தில் அவர்களுடைய கரணையும் மட்டப்பலகையும் சந்தனம் குங்குமத்தோடு இருக்கும். வீட்டுக்காரர்களிடம் ஒப்பந்தம் பேசும்போதே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம்: புதுமனை புகுவிழாவில் கட்டியவர்களுக்கு முதல் பந்தியில் இலை போட வேண்டும். இதுவரை யாரும் மறுத்ததில்லை. சென்ற மாதம் ஒரு வீட்டில், தச்சர் தாம் இழைத்த கதவு நிலையைத் தம் மகளுக்குத் தொட்டுக் காட்டிவிட்டுத்தான் பந்திக்கு வந்தார்.