நல்ல செய்திக்கு விலை ஏன் விழுகிறது?

கே: கம்பத்தில் ஏலக்காய்க் கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறேன். ஒரு கம்பெனியின் காலாண்டு லாபம் 40 சதவீதம் கூடியது என்று காலை 9 மணிக்குத் தொலைக்காட்சியில் சொன்னார்கள். முதல் நாள் 500 ரூபாயில் முடிந்த பங்கு, 9.15க்கு 536இல் திறந்தது. உடனே மார்க்கெட் ஆர்டர் போட்டேன். 541க்குக் கிடைத்தது. மதியம் 519. நல்ல செய்திக்கு ஏன் ஐயா விலை விழுகிறது?
- வாசகர், கம்பம்

ப: இதை நீங்கள் என்னிடம் கேட்கிறீர்களே, உங்கள் முதலாளியிடம் கேட்டிருக்கலாம்! 2024 கோடையில் இடுக்கியில் ஏலச்செடிகள் காய்ந்தன. அது பத்திரிகையில் வரும்வரை போடியிலும் புற்றடியிலும் ஏலம் கேட்கும் வியாபாரிகள் காத்திருந்தார்களா? தோட்டத்துக்காரரோடு போனில் பேசியபோதே கணக்குப் போட்டிருப்பார்கள். பத்திரிகையைப் பார்த்துச் சரக்கு வாங்கக் கிளம்பியவருக்கு ஏறிய விலைதான் கிடைத்திருக்கும்.

பங்கிலும் அதே வரிசைதான். இயக்குநர் குழுக் கூட்டம் முடிந்து 30 நிமிடங்களுக்குள் முடிவைப் பங்குச் சந்தைக்கு அனுப்ப வேண்டும் என்பது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியின் விதி. சந்தை நேரத்துக்குப் பிறகு கூட்டம் முடிந்தால் 3 மணி நேரம் வரை அவகாசம் உண்டு. அறிக்கை சந்தையின் இணையதளத்தில் ஏறிய நொடியில் அதைப் படித்து ஆர்டர் போடும் கணினிகள் இருக்கின்றன; சில பெரிய தரகர்களின் கணினிகள் சந்தையின் கட்டடத்திலேயே வாடகைக்கு இடம் பிடித்து உட்கார்ந்திருக்கின்றன. உங்கள் கம்பெனி முதல் நாள் மாலையிலேயே அறிவித்திருக்கும். ஏனென்றால் மறுநாள் 9 மணிக்குத் தொடங்கும் முன்திறப்பு நேரத்தில் (வழக்கமான வியாபாரம் தொடங்கும் முன் ஆர்டர் சேர்க்கும் நேரம்) குவிந்த ஆர்டர்கள்தான் 536 என்ற விலையை முடிவு செய்தன. செய்திக்கான 36 ரூபாய், முந்தைய நாளே பங்கை வைத்திருந்தவருக்குப் போய்விட்டது. உங்களுக்கு விற்றவரும் அவராக இருக்கலாம்.

536க்கு மேலே போன 5 ரூபாய் மார்க்கெட் ஆர்டரின் கைங்கரியம். 'என்ன விலையானாலும் கொடு' என்று சொன்னீர்கள், கொடுத்துவிட்டார்கள். '536க்கு மேல் வேண்டாம்' என்று லிமிட் ஆர்டர் போட்டிருந்தால், கிடைத்தால் அந்த விலைக்குள், இல்லையென்றால் பணம் கையில்.

40 சதவீதத்துக்கு வருகிறேன். சென்ற ஆண்டைவிட 40 கூடியது சரி. பெரிய முதலீட்டாளர்கள் 45 எதிர்பார்த்திருந்தால்? அவர்கள் கணக்கில் அது ஏமாற்றம். அறிவிப்புக்கு முந்தைய ஒரு மாத விலையைப் பாருங்கள். அதில் ஏற்கெனவே நன்றாக ஏறியிருந்தால் நல்ல சேதியைப் பலர் எதிர்பார்த்தே வாங்கியிருக்கிறார்கள். தொலைக்காட்சிப் பெண் அதைச் சொல்ல மாட்டார். அவருக்குப் பின்னால் சிவப்பு எழுத்து மின்ன வேண்டுமே.

சரியாக ஊகித்தாலும் செலவு விடாது. டெலிவரியில், அதாவது அன்றே விற்காமல் பங்கைக் கணக்கில் எடுத்து வைத்தால், வாங்கும்போதும் விற்கும்போதும் 0.1 சதவீதம் பரிவர்த்தனை வரி. ஓராண்டுக்குள் விற்றால் லாபத்தில் 20 சதவீதம் வரி (2024 ஜூலை 23 முதல்). அன்றே வாங்கி அன்றே விற்ற தனிநபர்களில் 10 பேரில் 7 பேர் 2022-23இல் நஷ்டப்பட்டார்கள் என்று செபியே ஆய்வு வெளியிட்டது.

கே: கெட்ட செய்தி வந்ததும் விற்றுவிட்டாலாவது தப்பிக்கலாமா?
- வாசகி, குமுளி

ப: வாங்க ஆள் இருந்தால். சிறிய பங்குகள் கீழ் சர்க்யூட்டில் (ஒரு நாளில் விலை இறங்க அனுமதித்த கடைசி எல்லை) மாட்டினால் உங்கள் ஆர்டர் வரிசையில் நிற்கும், விலை மறுநாளும் இறங்கலாம்.

கே: எங்கள் டெலிகிராம் குழுவில் 'நாளை இந்தக் கம்பெனிக்குப் பெரிய ஆர்டர் கிடைத்த அறிவிப்பு' என்று முன்கூட்டியே சொல்கிறார்கள். மாதக் கட்டணம் கட்டலாமா?
- வாசகர், தேவாரம்

ப: தகவல் உண்மை என்றால், வெளிவராத உள்தகவலை வைத்து வியாபாரம் செய்வதாகிவிடும், 2015 செபி விதிகளின்படி குற்றம். பொய் என்றால், அவர்கள் ஏற்கெனவே வாங்கி வைத்த பங்கைத் தள்ளிவிட ஆள் தேடுகிறார்கள். அந்த ஆளிடமே கட்டணமும் கேட்கிறார்கள், பாருங்கள்!