முந்திரிக்கொத்துக்கு நாழிக் கணக்கை கிராமாக்குவது

வணக்கம். முந்திரிக்கொத்து (சிறுபயற்று மாவையும் கருப்பட்டியையும் உருட்டி, மாவில் தோய்த்துப் பொரிக்கும் பலகாரம்) செய்ய, ஒரு நாழி சிறுபயறு என்று பழைய முகத்தலளவைப்படி அம்மா எழுதி வைத்த குறிப்பை, ஒரு கப் 125 கிராம் என்ற அட்டவணைப்படி மாற்றியபோது உருண்டை பிடிக்க வராமல் உதிர்ந்ததாக எழுதியிருந்தீர்கள். அந்த 125 கிராம் 240 மில்லி கப்பில் தளர்வாக நிரப்பிய மைதாவுக்கான கணக்கு. அதே கப்பில் சீனி ஏறத்தாழ 200 கிராமும் தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 220 கிராமும் இருக்கும் என்பதால், எல்லாப் பொருளுக்கும் ஒரே எண் பொருந்தாது.

நாகர்கோவில் பாத்திரக் கடைகளில் கிடைக்கும் சாதாரண மின்னணுத் தராசே போதும். வீட்டிலுள்ள நாழியைத் தராசில் வைத்து, எண்ணைச் சுழியாக்கி, விளிம்பு மட்டம்வரை தண்ணீர் ஊற்றினால், காட்டும் கிராமே அதன் கொள்ளளவு மில்லியாகும். பிறகு நாழியை நன்றாகத் துடைத்து, பயற்றைத் தலைதட்டி அளந்து நிறுத்து அந்த எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். வறுக்கும்போது ஈரம் போய் எடை குறையும் என்பதால், வறுக்கும் முன் நிறுத்ததா, பின் நிறுத்ததா என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். மாவாகத் திரித்தபின் அளப்பதை நான் நம்புவதில்லை. மாவு மில்லில் திரித்து வந்த சூட்டோடு பொலபொலவென்று கிடக்கும் மாவும், டப்பாவில் அமுங்கிய மாவும் ஒரே நாழியில் வெவ்வேறு எடை காட்டும்.

கருப்பட்டியை உடைத்துக் கப்பில் போட்டால் துண்டுகளுக்கிடையே இடைவெளி விழும்; அதை நேராக நிறுத்தே எடுங்கள். உருண்டையைத் தோய்க்கும் மேல்மாவுக்கு இவ்வளவு நுணுக்கம் வேண்டாம்.