தத்துப் பத்திரம் வில்லங்கத்தில் வராது

கேள்வி: நான் 1988-ல் பிறந்தவள். எனக்கு மூன்று வயதானபோது அம்மா மறுமணம் செய்துகொண்டார். அவர் கணவரைத்தான் நான் அப்பா என்று கூப்பிடுகிறேன்; எனக்கு அப்பாவாகவே இருக்கிறார். என்னை முறைப்படி தத்து எடுத்துப் பத்திரம் பதிந்ததாக அம்மா ஒருமுறை சொன்னார். பள்ளிச் சான்று, ஆதார், பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் இவர் பெயர்தான். என் பிறப்புச் சான்றை நான் பார்த்ததே இல்லை. போன வருடம் அம்மா இறந்துவிட்டார். பெற்றவரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் சென்டரில் எங்கள் வீட்டு சர்வே எண்ணைக் கொடுத்து வில்லங்கம் போட்டுப் பார்த்தேன். வீட்டுப் பத்திரங்கள்தான் வந்தன. அப்பாவிடம் கேட்டால் மனம் நோவாரோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்வது?
– வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: வில்லங்கத்தில் வராதம்மா. அதை வைத்துப் பத்திரமே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பதிவுத்துறையில் 28 வருடம் வேலை பார்த்தேன். வில்லங்கத்தில் இல்லை என்றதும் வாடிய முகத்தோடு படியிறங்கிப் போனவர்களை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தம்தான்.

பதிவு ஆபீஸில் பத்திரங்களை ஏற்றி வைக்கும் பதிவேடுகளைப் ‘புத்தகம்’ என்போம். வில்லங்கச் சான்று 1-ஆம் புத்தகத்திலிருந்து எடுக்கப்படுவது. நிலம், வீடு சம்பந்தப்பட்ட பத்திரங்கள்தான் அதில் ஏறும். சொத்து எதுவும் இல்லாத தத்துப் பத்திரம் 4-ஆம் புத்தகத்தில் இருக்கும். அதற்குப் பெயர்வாரியாகத் தனி அட்டவணை உண்டு. அதை யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்க முடியாது, சார்பதிவாளர்தான் தேடித் தர வேண்டும். பத்திரத்தை எழுதியவருக்கும் அதன்கீழ் உரிமை கோருபவருக்கும் நகல் தர வேண்டும் என்று 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு சொல்கிறது. தத்துப் போன பிள்ளை நீங்கள். உரிமை கோருபவர் நீங்கள்தான். மனுவிலேயே பிரிவைக் குறிப்பிட்டு, ‘4-ஆம் புத்தகத்தில் தேடித் தரவும்’ என்று எழுதுங்கள். அம்மா பெயர், அப்பா பெயர், தாத்தாக்கள் பெயர் எல்லாம் கொடுங்கள். 15 வயது முடிவதற்குள் தத்து நடந்திருக்க வேண்டும் என்பது பொது விதி. அதனால் 2003 வரை தேடலாம். ஆனால் தேடும் வருடத்துக்கு ஏற்பக் கட்டணம் கூடும். முதலில் 1991-லிருந்து மூன்று வருடம் கேளுங்கள்.

எந்த ஆபீஸ்? இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். வீட்டுப் பத்திரம் போல ‘இந்த ஊருக்கு இந்த ஆபீஸ்’ என்ற கட்டு தத்துப் பத்திரத்துக்கு இல்லை. அப்பாவின் ஊரில் பதிந்திருக்கலாம், பாட்டி ஊரில் பதிந்திருக்கலாம், கல்யாணம் நடந்த ஊரிலும் பதிந்திருக்கலாம். மூன்று இடத்திலும் மனுப் போடுங்கள்.

பிறப்புப் பதிவு அப்படியில்லை. குழந்தை எங்கே பிறந்ததோ அங்கேதான் இருக்கும். தலைப்பிரசவம் என்றால் அம்மா தாய்வீட்டுக்குத்தான் போயிருப்பார். சித்தி, தாய்மாமா யாராவது இருந்தால் எந்த ஆஸ்பத்திரி, எந்த ஊர் என்று கேளுங்கள். நகரம் என்றால் நகராட்சி. கிராமம் என்றால் பழைய பிறப்புப் பதிவேடு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்திருக்கும். அந்தக் காலப் பதிவில் பெரும்பாலும் குழந்தைப் பெயர் இருக்காது, ‘பெண்’ என்று மட்டும் இருக்கும். அதனால் அம்மாவின் பெயரைச் சொல்லித் தேடச் சொல்லுங்கள். இன்னொன்று, பள்ளியில் கொடுத்த பிறந்த தேதியை நம்பி ஒரே நாளில் தேட வேண்டாம். சேர்க்கைக்காக மே, ஜூன் என்று வாத்தியாரே போட்ட தேதிகள் எத்தனையோ! 1987, 1988, 1989 மூன்று வருடமும் பார்க்கச் சொல்லுங்கள்.

அந்தப் பதிவில் பெற்றவரின் பெயர் அப்படியே இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். தத்துக்குப் பிறகு பிறப்புப் பதிவை மாற்ற அன்று யாரும் மெனக்கெடவில்லை. திருத்தியிருந்தாலும் மூலப் பதிவை அழிக்கக் கூடாது, ஓரத்தில்தான் குறிப்பு எழுத வேண்டும். 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் அப்படி.

நீங்கள் இந்துக் குடும்பம் என்று வைத்துக்கொண்டு இதையும் சொல்கிறேன். 1956-ஆம் ஆண்டுத் தத்துச் சட்டப்படி, அன்று பெற்ற தகப்பன் உயிரோடு இருந்தால் தத்துக் கொடுக்கும் உரிமை பொதுவாக அவருக்குத்தான். தாய்க்கும் சம உரிமை வந்தது 2010-ல். ஆகவே அம்மா விதவையாக இருந்திருந்தால் பத்திரத்தில் அம்மா கொடுத்திருப்பார். இல்லையென்றால், உங்களைக் கொடுத்து எழுதியவராகப் பெற்ற தகப்பனே வருவார், விலாசத்தோடு. அதைப் படிக்கும்போது தனியாக இருக்காதீர்கள்.

பத்திரமே பதிவாகாமல் பள்ளியில் பெயரை மட்டும் மாற்றியிருந்தால்? பதிவு இல்லாமலும் தத்து செல்லும். ஆனால் உண்மையில் கொடுத்து வாங்கியிருக்க வேண்டும். அப்பாவின் சொத்தில் பங்கு என்ற பேச்சு வந்தால் இது பெரிய விஷயமாகிவிடும். அவர் இருக்கும்போதே ஒரு வக்கீலைப் பாருங்கள்.

அப்பாவுக்குத் தெரியாமல் செய்ய முடியும், சட்டம் தடுக்கவில்லை. ஆனாலும் அவரிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள் என்றுதான் நான் சொல்வேன். முப்பது வருடத்துக்கும் மேலாக உங்களுக்கு அப்பாவாக இருந்தவர், அம்மா போன பிறகு நீங்கள் இதைக் கேட்பீர்கள் என்று எதிர்பார்த்துக்கொண்டே இருக்கலாம். பதிவு முடிந்ததும் மூலப் பத்திரத்தை நாங்கள் திருப்பிக் கொடுத்துவிடுவோம். அது இன்றும் அவர் பீரோவில் இருக்கக்கூடும். ஆண்டும் பதிவு எண்ணும் அதிலேயே இருக்கும், தேடும் வேலையே மிச்சம்.

மனுவுக்குப் போகும்போது ஆதாரோடு அம்மாவின் இறப்புச் சான்றையும் எடுத்துக்கொண்டு போங்கள்.