பிஎச்.டி. சீட்டுக்கு நான்கு லட்சமா?

கேள்வி: எம்.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டு தனியார் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். படத்தை வைத்து மாவிலை நோயைக் கம்ப்யூட்டர் கண்டறிவதுதான் என் எம்.இ. புராஜெக்ட். ஜெர்மனியில் பிஎச்.டி. சீட் வாங்கித்தர நான்கு லட்சம் கேட்கிறார் ஒரு ஏஜென்ட். பேங்கில் பத்து லட்சத்துக்கு மேல் முடக்கிக் காட்டவும் வேண்டுமாம். மாந்தோப்புப் பத்திரத்தை அடகு வைக்க அப்பா தயார். எனக்கு வயது 31, ஜெர்மன் தெரியாது. என்ன செய்யலாம்?
- வாசகி, பாலக்கோடு

பதில்: பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும் அம்மா.

அங்கே கம்ப்யூட்டர், இன்ஜினீயரிங் துறைகளில் பிஎச்.டி. என்பது பெரும்பாலும் சம்பள வேலை. பேராசிரியர் தன் ஆராய்ச்சித் திட்டத்துக்கு ஆள் எடுக்கிறார். நீங்கள் விண்ணப்பித்து, இன்டர்வியூவில் தேறி, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறீர்கள். நடுவில் ஏஜென்ட் விற்க என்ன இருக்கிறது? விளம்பரத்தில் 'டி.வி.-எல். 13' என்று இருக்கும். அது அரசுச் சம்பள நிலை. முழுநேரம் என்றால் மாதம் 4,500 யூரோவுக்கு மேல் வரும். வரி, காப்பீடு என்று மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிடித்துவிடுவார்கள். 50 சதவீத வேலை, 75 சதவீத வேலை என்றும் போடுவார்கள், சம்பளமும் அதற்கேற்பக் குறையும், அதைக் கவனியுங்கள். வருடத்துக்கு 11,904 யூரோ முடக்கிக் காட்டுவது வருமானம் இல்லாத மாணவர்களுக்கு. போதிய சம்பளமுள்ள ஒப்பந்தம் கையில் இருந்தால் விசாவுக்கு அதுவே போதும்.

இடம் தேட, ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டி.ஏ.ஏ.டி.யின் தளம் இருக்கிறது. ஆகன், கார்ல்ஸ்ரூ, ட்ரெஸ்டன், மியூனிக் பல்கலைக்கழகங்கள் தங்கள் தளங்களிலேயே வேலை விளம்பரம் போடுகின்றன. பிரான்ஹோபர், மாக்ஸ் பிளாங்க் ஆராய்ச்சி நிலையங்களையும் பாருங்கள். உங்கள் பட்டம் அங்கே செல்லுமா என்று, வெளிநாட்டுப் பட்டங்களின் மதிப்பைச் சொல்லும் அனபின் தளத்தில் பார்க்கும்போது கல்லூரிப் பெயரைத் தேடாதீர்கள், பட்டம் கொடுத்த பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேடுங்கள்.

இனி மெயில் விஷயம். நம் பிள்ளைகள் கோட்டை விடுவது இங்கேதான். "ரெஸ்பெக்டட் சார்" என்று ஆரம்பித்து ஒரே மெயிலை ஐம்பது பேருக்குத் தட்டிவிடுவார்கள். யார் படிப்பார்? என்னிடம் படித்த காரிமங்கலத்துப் பெண் ஒருத்தி, சப்ஜெக்ட் வரியில் விளம்பரத்தின் குறியீட்டு எண்ணை மட்டும் போட்டாள். உள்ளே எட்டே வரி. அந்தப் பேராசிரியரின் சமீபத்திய கட்டுரையில் தனக்குப் புரியாத ஓர் இடத்தைக் கேட்டு, தன் புரோகிராம் இருக்கும் இணைப்பைக் கொடுத்திருந்தாள். சான்றிதழ் எல்லாம் ஒரே பிடிஎஃப். மூன்றாம் நாள் பதில் வந்தது.

உங்கள் எம்.இ. புராஜெக்ட் மாவிலை நோய் கண்டறிவது என்று எழுதியிருந்தீர்கள். இணையத்தில் கிடைக்கும் படங்களை எடுத்து அதைச் செய்கிறவர்கள் ஏராளம். ஆனால் நீங்கள் சந்தூர் தோப்புகளில் போனில் நீங்களே படம் எடுத்து, வெயில் நேரப் படங்களில் உங்கள் கம்ப்யூட்டர் மாடல் தடுமாறியதையும் பதிவு செய்திருக்கிறீர்கள். அதை எழுதுங்கள் அம்மா! மதிப்பெண்ணைவிட அது பேசும். அந்தப் படங்களை ஒழுங்காக அடுக்கி, எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் ஏற்றிவிடுங்கள். கல்லூரி வேலையையும் இப்போதைக்கு விட வேண்டாம். தேட ஒரு வருடம்கூட ஆகலாம்.

வயது தடையே இல்லை, விளம்பரங்களில் வயது வரம்பு போடுவதில்லை. மொழியைப் பொறுத்தவரை, கம்ப்யூட்டர் துறை ஆய்வுக்கூடங்கள் பலவற்றில் ஆங்கிலமே ஓடுகிறது. இளநிலை வகுப்புக்கு ஜெர்மனில் பாடம் எடுக்க வேண்டும் என்று போட்டிருந்தால் அந்த விளம்பரத்தை மட்டும் தாண்டிப் போங்கள். ஆனாலும் ஜெர்மனில் ஏ1 என்னும் ஆரம்ப நிலையாவது கற்றுக்கொண்டு கிளம்புங்கள். அங்கே வீட்டுக்காரரிடம் வாடகை பேசப் பேராசிரியர் கூட வரமாட்டார்.