பழைய வேன் வாங்கும்போது சொல்லும் 'பேக் கம்ப்ரஷன்' என்றால் என்ன?

படுக்கை, அடுப்பு எல்லாம் வைத்து வீடாக மாற்றிய பழைய டீசல் வேனை வாங்கப் போனால் மெக்கானிக் முதலில் இதைத்தான் பார்ப்பார். சிலிண்டரில் எரியும் வாயு, பிஸ்டனைச் சுற்றி அடைப்பாக இருக்கும் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி கீழே ஆயில் இருக்கும் அறைக்குள் கசிவதே பேக் கம்ப்ரஷன். பெரும்பாலும் ரிங்கும் சிலிண்டர் சுவரும் தேய்ந்ததுதான் காரணம். சைக்கிள் பம்பில் வாஷர் தேய்ந்தால் எவ்வளவு அமுக்கினாலும் காற்று கைப்பக்கமே திரும்பி வருமே, அதே கதை.

இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து, அதன் வாயிலேயே தலைகீழாக வைத்துப் பாருங்கள். லேசான ஆவி வந்தால் சரி. புஸ்புஸ்ஸென்று புகை தள்ளி மூடி துள்ளி விழுந்தால் பெரிய செலவு காத்திருக்கிறது. (ஆயில் தெறிக்கும், வெள்ளை வேட்டியில் போகாதீர்கள்.) ஆயில் அறையின் வாயுவை வெளியேற்றும் பிரீதர் குழாய் அடைத்திருந்தாலும் இப்படித் தள்ளும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்ஜின் ஆறியிருக்கும்போதே ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்லுங்கள். ஆறிய இன்ஜின் ஸ்டார்ட் ஆகத் திணறுவதை மறைக்கத்தான் விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்தாரோ என்று எனக்குச் சந்தேகம் வரும். ரிங் தேய்ந்த வண்டியும் மதுரை ரிங் ரோட்டில் ஜோராக ஓடும். கட்டில், தண்ணீர்த் தொட்டிச் சுமையோடு கொடைக்கானல் ஏறும்போதுதான் மூச்சு வாங்கும்.

அப்புறம், ஆயில் கறுப்பாக இருந்தாலே இன்ஜின் போச்சு என்று பலர் நினைக்கிறார்கள். டீசல் இன்ஜினில் புது ஆயிலும் சீக்கிரமே கறுத்துவிடும்; பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால்தான் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பயப்பட வேண்டும்.