ஷார்ஜாவில் மகள், சேலத்தில் செல்வமகள் கணக்கு?

கேள்வி: நாங்கள் ஷார்ஜாவில் இருக்கிறோம். மகளுக்கு 4 வயது, இந்தியப் பாஸ்போர்ட். சேலத்தில் உள்ள என் அப்பாவின் முகவரியைக் காட்டி அவள் பெயரில் செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்கலாமா? அவள் பிறந்தநாளுக்கு அப்பா கொடுக்கும் பணத்தையும் அதில் போட ஆசை.
- வாசகி, ஷார்ஜா

பதில்: வேண்டாம். செல்வமகள் திட்டம் இந்தியாவில் வசிக்கும் பெண் குழந்தைகளுக்கானது. இந்தியப் பாஸ்போர்ட் மட்டும் போதாது. உங்கள் அப்பாவே தொடங்கினாலும் செல்லாது. தாத்தா, பாட்டி தொடங்கிய பழைய கணக்குகளையே 2024 அக்டோபர் முதல் பெற்றோரின் பொறுப்புக்கு மாற்றச் சொல்லிவிட்டார்கள். புதிதாக பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) தொடங்கவும் வழியில்லை. ஊர் வங்கியில் 'தெரிந்த மேனேஜர்' மூலம் சாதாரண சேமிப்புக் கணக்கு தொடங்குவது அந்நியச் செலாவணிச் சட்டப்படி தவறு.

உங்களுக்குப் பொருந்துவது மகள் பெயரில் மைனர் என்.ஆர்.இ. கணக்கு, அதாவது வெளிநாடுவாழ் இந்தியர் வெளிநாட்டுப் பணத்தை ரூபாயாகச் சேமிக்கும் கணக்கு. காப்பாளராக நீங்களோ கணவரோ இருக்கலாம். வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. அசலையும் வட்டியையும் எப்போது வேண்டுமானாலும் வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லலாம். சேமிப்புக் கணக்கில் வட்டி குறைவு என்பதால் பெரும்பகுதியை என்.ஆர்.இ. எஃப்.டி.யில் போடுங்கள். அதை ஓராண்டுக்குள் உடைத்தால் வட்டி ஒரு பைசாகூட வராது.

குழந்தையின் பாஸ்போர்ட், விசா, பிறப்புச் சான்றிதழ், காப்பாளரின் பாஸ்போர்ட், விசா, வெளிநாட்டு முகவரிச் சான்று, பான் அல்லது பான் இல்லாதவர்கள் தரும் உறுதிமொழிப் படிவம் ஆகியவை தேவை. நேரில் போக முடியாவிட்டால் நோட்டரியிடமோ இந்தியத் தூதரகத்திலோ சான்றொப்பம் வாங்கி அனுப்பலாம்.

பெரும்பாலும் விண்ணப்பம் திரும்பி வருவது பெயரால்தான். நம்மவர்களுக்கு இனிஷியல் ஓர் ஆவணத்தில் ஒற்றை எழுத்தாக இருக்கும், இன்னொன்றில் அப்பா பெயராக விரிந்திருக்கும். வளைகுடாப் பிறப்புச் சான்றிதழில் தாத்தா பெயரும் சேர்ந்திருக்கும். காப்பாளரின் பெயர் அவரது பாஸ்போர்ட்டிலும் குழந்தையின் பாஸ்போர்ட்டிலும் பிறப்புச் சான்றிதழிலும் ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சான்றிதழ் அரபியில் மட்டும் இருந்தால் ஆங்கிலப் பிரதி வாங்கிவிடுங்கள்.

அப்பா ரூபாயில் தரும் பணத்தை என்.ஆர்.இ.யில் நேரடியாகப் போட முடியாது. அவர் அதை உங்கள் என்.ஆர்.ஓ. கணக்குக்கு (இந்தியாவில் கிடைக்கும் பணத்துக்கான வெளிநாடுவாழ் இந்தியர் கணக்கு) வங்கி வழியாக அனுப்பட்டும். அங்கே வட்டியில் 30 சதவீதமும் அதன்மேல் செஸ்ஸும் முன்கூட்டியே வரியாக (டி.டி.எஸ்.) பிடிப்பார்கள். சிறு தொகையென்றால் அப்பாவிடம் நகையாக வாங்கித் தரச் சொல்வதே மேல்!

மகளுக்கு 18 வயதானதும் உங்கள் கையெழுத்து செல்லாது. அவளுடைய மாதிரிக் கையெழுத்தையும் கே.ஒய்.சி. எனப்படும் அடையாள ஆவணங்களையும் கொடுக்கும்வரை கணக்கு முடங்கும். அதன்பின் பணத்துக்கு அவள்தான் முதலாளி.

கேள்வி: என் மகன் அமெரிக்கக் குடிமகன். அவனுக்கும் இந்த மைனர் என்.ஆர்.இ. கணக்கு பொருந்துமா?
- வாசகர், நியூ ஜெர்சி

பதில்: ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) இருந்தால் தொடங்கலாம். ஆனால் இந்தியாவில் வரியில்லாத வட்டிக்கு அமெரிக்காவில் வரி உண்டு. அவன் பெயரிலுள்ள வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்தம் ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால், குழந்தையானாலும் எஃப்பார் என்ற வெளிநாட்டுக் கணக்கு விவரப் படிவத்தை அமெரிக்க அரசிடம் தாக்கல் செய்ய வேண்டும். அவன் சார்பில் நீங்கள் செய்யலாம். காப்பாளராக அந்தக் கணக்கை இயக்குவதால் உங்கள் படிவத்திலும் அது இடம்பெற வேண்டும். அமெரிக்காவிலேயே கல்லூரி என்றால் 529 என்ற அந்நாட்டுக் கல்விச் சேமிப்புத் திட்டம்தான் என் தேர்வு. எஃப்பாருக்கு கெடு ஏப்ரல் 15. தவறினால் அக்டோபர் 15 வரை தானாகவே நீட்டிப்பு உண்டு.